சட்டமில்லாச் சேணம்: வாங்கும் முன் போட்டுப் பார்ப்பது எப்படி?

கொரங்காட்டான் (காங்கேயம்)

எங்கள் தோட்டத்தில் ஒன்பது வயது மார்வாரிப் பெண்குதிரை ஒன்று இருக்கிறது. வாரத்தில் பெரும்பாலான நாள்கள் கொரங்காடு எனும் மேய்ச்சல் நிலங்களின் வேலியோரத் தடங்களிலும் வாய்க்கால் கரையிலும் ஓரிரு மணி நேரம் ஓட்டுவதுதான் எங்கள் சவாரி. பந்தயமோ தடை தாண்டலோ கிடையாது. இப்போது போடுவது கான்பூரில் செய்த, உள்ளே மரச்சட்டம் வைத்த சாதாரண ஆங்கிலச் சேணம். மழைக்குப் பின் கொழுக்கட்டைப் புல் தழைத்து அவள் உடம்பு வைக்கும் மாதங்களில் அது சரியாக உட்கார்கிறது. வறட்சியில் முதுகுத் தசை வற்றும்போது முன்பக்கம் இறங்கி, கழுத்தடியில் துருத்தி நிற்கும் தோள்மேட்டுக்குப் பின்னால் முடியை உரசுகிறது. ஆகவே சட்டமே இல்லாத, ட்ரீலெஸ் என்று விற்கப்படும் சேணத்துக்கு மாறலாமா என்று யோசிக்கிறேன்.

இடர் என்னவென்றால், கோவையிலோ ஈரோட்டிலோ கடைக்குப் போய் எடுத்துப் போட்டுப் பார்க்கும் பொருளாக அது இல்லை. வெளிநாட்டு விற்பனையாளர்கள் புகைப்படம் அனுப்பச் சொல்லி, அதைப் பார்த்தே "பொருந்தும்" என்று எழுதிவிடுகிறார்கள். இறக்குமதி வரியும் அனுப்பும் கூலியும் சேர்ந்தால் செலவு ஒரு லட்சத்தை எளிதில் தொடுகிறது. திருப்பி அனுப்பும் கூலியும் நம்முடையதுதான். ஏற்கெனவே வைத்திருப்பவர்களிடம் இரவல் வாங்கிப் பார்க்கலாம் என்றால், எதைப் பார்ப்பது, எவ்வளவு நேரம் பார்ப்பது, எந்த அடையாளத்தைக் கண்டால் வேண்டாம் என்று முடிவெடுப்பது என்பதை அனுபவமுள்ளவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

அவினாசிக் குதிரை

சட்டம் இல்லை என்றால் பொருந்தாமல் போக என்ன இருக்கிறது அண்ணா? மெத்தை போன்றதுதானே, எந்த முதுகுக்கும் வளைந்து கொடுக்கும். இத்தனை யோசனை தேவையில்லை. நல்ல விலையில் பழையது கிடைத்தால் வாங்கிவிடுங்கள்.

தோல்பட்டறை (ஈரோடு)

அவினாசி நண்பர் சொல்வதைத்தான் விற்பவர்களும் சொல்கிறார்கள். அதனால்தான் பழைய சேணங்கள் பழுதுக்கென்று எங்கள் பட்டறைக்கு வருகின்றன. சட்டம் என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிட்டால், அதை எடுத்துவிட்ட பிறகு அந்த வேலையை யார் செய்யப்போகிறார்கள் என்ற கேள்வி தானாக வரும்.

சேணத்தின் சட்டம் முதுகெலும்பின் இருபுறமும் உள்ள தசைகளின் மேல் பாலம் போல நிற்கிறது. சவாரி செய்பவரின் எடை எலும்பின் மேல் நேராக இறங்காமல், அந்த இரண்டு நீண்ட தசைப்பட்டைகளின் மேல் பரவுகிறது. காலை ஊன்றும் வளையமான அங்கவடி தொங்கும் இரும்புக் கொக்கிகளும் சட்டத்தில்தான் பதிக்கப்பட்டிருக்கும் என்பதால், அங்கவடியில் எழுந்து நிற்கும்போது ஏற்படும் இழுவையும் சட்டம் முழுவதும் பகிரப்படுகிறது. சட்டத்தை நீக்கினால் இந்த இரண்டு வேலைகளும் நுரைக்கும் தோலுக்கும் வாருக்கும் அடியில் போடும் மெத்தைக்கும் போய்ச் சேர்கின்றன. ஆகவே கொரங்காட்டான் அண்ணா சோதிக்க வேண்டியது சேணத்தை மட்டும் அன்று. சேணமும் அடிமெத்தையும் சேர்ந்த ஜோடியை. அதே சேணம் ஒரு மெத்தையோடு நன்றாகவும் வேறொரு மெத்தையோடு மோசமாகவும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். இரவல் தருபவரிடம் மெத்தையையும் சேர்த்தே கேளுங்கள். இல்லாவிட்டால் பயணம் வீண்.

அடுத்தது, சட்டமில்லாதவை எல்லாம் ஒரே வகை அல்ல. அங்கவடி மாட்டிய வெறும் மெத்தை ஒன்று உண்டு. அங்கவடி வார் முதுகின் குறுக்காக ஓடி எலும்பின் மேலேயே அழுத்தும் என்பதால் அதை நான் யாருக்கும் சொல்வதில்லை. முழுவதும் நுரையும் தோலுமாக இருந்து, அங்கவடியை அகலமான நெசவுப் பட்டையில் தொங்கவிடுவது இன்னொன்று. முன்பக்கம் மட்டும் கடினமான வளைவு ஒன்றை வைத்து, அகலத்துக்கு ஏற்ப அந்த வளைவை மாற்றிக்கொள்ளும்படி செய்வது மூன்றாவது. மார்வாரி, கத்தியவாரி போன்ற, தோள்மேடு தூக்கலாக இருக்கும் குதிரைகளுக்கு இந்த மூன்றாவது வகைதான் பெரும்பாலும் பேசத் தகுந்தது. முழு நுரை வகை அந்த மேட்டின் மேல் படுத்துக்கொள்ளும்.

போட்டுப் பார்க்கும்போது மெத்தையையும் சேணத்தையும் வைத்து, வயிற்றுவாரைக் கட்டி, ஆளை ஏற்றி, முன்பக்கத்தில் தோள்மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே விரல்களை விடுங்கள். பிறகு பின்பக்கமிருந்து முதுகெலும்பு நெடுகக் கையை நுழைத்துப் பாருங்கள். ஆள் இல்லாதபோது இருக்கும் இடைவெளி கணக்கில் வராது. சவாரி முடியும் தறுவாயில், இறங்குவதற்கு முன், அதே இடங்களில் மறுபடியும் பாருங்கள். நுரை அமுங்குவது அப்போதுதான் தெரியும். சேணத்தின் பின்விளிம்பு கடைசி விலா எலும்பைத் தாண்டக் கூடாது. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த விதி ஒன்றுதான்.

உடுமலைக் கால்நடை மருத்துவர்

பட்டறைக்காரர் சொன்னதோடு இரண்டு ஆய்வுகளை மட்டும் சேர்க்கிறேன். இவ்விஷயத்தில் நம்பிக்கையாகப் பேசப்படுவது மிகுதி, அளக்கப்பட்டது குறைவு.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2012இல் வெளியிட்ட ஆய்வில், எட்டுக் குதிரைகளின் மேல் ஒரே சவாரியாளரை உட்கார்ந்த நிலையில் ட்ராட் (நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட துள்ளோட்டம்) ஓட்டச் செய்து, அழுத்தத்தை அளக்கும் விரிப்பைச் சேணத்துக்கு அடியில் வைத்து, சட்டமுள்ள சேணம் ஒன்றையும் சட்டமில்லாத சேணம் ஒன்றையும் ஒப்பிட்டார்கள். சட்டமுள்ளது எடையைப் பெரிய பரப்பில் பரப்பியது. சட்டமில்லாததில் தொடும் பரப்பு சிறுத்து, ஆள் உட்காரும் நடுப்பகுதியில் அழுத்தம் குவிந்தது. அதில் சோதித்தது ஒரே ஒரு சட்டமில்லாச் சேணத்தைத்தான் என்பதால் எல்லா வகைகளுக்கும் இதைத் தீர்ப்பாக எழுதிவிட முடியாது. ஆனால் "மெத்தையாக இருப்பதால் முதுகுக்கு நல்லது" என்ற எண்ணத்தைக் கைவிட இது போதும். ட்ராட்டில் ஆளின் எடையைப் போல இரு மடங்குக்கும் மேலான விசை முதுகில் இறங்குகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். நின்ற இடத்தில் கையை விட்டுப் பார்த்து முடிவெடுப்பவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள்.

இரண்டாவது ஆய்வு எடையைப் பற்றியது. ஒஹாயோவில் 2008இல் நடந்த அந்தச் சோதனையில், குதிரையின் எடையில் 15, 20, 25, 30 விழுக்காடு சுமையை ஏற்றி ஓட்டிப் பார்த்தபோது, 25 விழுக்காட்டிலிருந்து தசை வலியும் இறுக்கமும் தெளிவாகக் கூடின. ஆளும் சேணமும் சேர்ந்து 20 விழுக்காட்டுக்குள் நிற்க வேண்டும் என்ற பழைய வழக்கத்துக்கு இது ஒத்துப்போகிறது. சட்டமில்லாச் சேணத்தில் எடை சிறிய பரப்பில் குவியக்கூடும் என்பதால், அந்த எல்லையை ஒட்டி நிற்பவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். கொரங்காட்டான், உங்கள் எடை என்ன, குதிரையின் எடை என்ன?

கொரங்காட்டான் (காங்கேயம்)

என் எடை 68 கிலோ, டாக்டரம்மா. குதிரையை எடை மேடையில் ஏற்றிப் பார்த்ததில்லை.

உடுமலைக் கால்நடை மருத்துவர்

எடை மேடை வேண்டியதில்லை; தையற்காரரின் அளவு நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பின் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பின் பின்முனை வரையுள்ள நீளத்தையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் ஏறத்தாழக் கிலோ கணக்கு வரும்.

கொரங்காட்டான் (காங்கேயம்)

சுற்றளவு 168, நீளம் 152. கணக்குப்படி 361 கிலோ வருகிறது. அதில் 20 விழுக்காடு 72 கிலோ. நானும் சேணமும் மெத்தையும் சேர்ந்தால் 75க்குக் குறையாது. எல்லையைச் சற்றுத் தாண்டித்தான் நிற்கிறேன்.

உடுமலைக் கால்நடை மருத்துவர்

உடனே இறங்கிவிட வேண்டிய அளவு அன்று. ஆனால் உங்களுக்கு விட்டுக்கொடுக்க இடம் மிச்சம் இல்லை. ஆகவே உங்கள் சோதனை மற்றவர்களுடையதைவிட நீளமாக இருக்க வேண்டும். சொல்லும் முறை இது.

சேணம் போடும் முன், தோள்மேட்டிலிருந்து இடுப்பு வரை முதுகெலும்பின் இருபுறமும் நான்கு விரல்களால் ஒரே அழுத்தத்தில் தடவிக்கொண்டு போய், எங்கே முதுகைத் தாழ்த்துகிறாள், எங்கே காதை மடக்குகிறாள், எங்கே தோலைச் சிலிர்க்கிறாள் என்பதைக் குறித்து வையுங்கள். இந்த முன்குறிப்பு இல்லாமல் பின்னால் பார்ப்பதற்குப் பொருளே இல்லை. பழைய சேணம் கொடுத்த வலியைப் புதியதன் மேல் ஏற்றிவிடுவீர்கள். பிறகு நீங்கள் வழக்கமாக ஓட்டும் தடத்தில், வழக்கமான நேரம் ஓட்டுங்கள். சேணத்தைக் கழற்றியவுடன் ஈரத்தைப் பாருங்கள். சுற்றிலும் வேர்த்திருக்க, நடுவே ஓர் இடம் மட்டும் காய்ந்திருந்தால், ஒன்று அங்கே சேணம் தொடவே இல்லை, அல்லது வேர்வைச் சுரப்பி வேலை செய்ய முடியாத அளவுக்கு அங்கே அழுந்தியிருக்கிறது. அங்கவடி வாருக்கு நேர் கீழே காய்ந்திருந்தால் பெரும்பாலும் இரண்டாவதுதான்.

கழற்றியவுடன் முதுகு தட்டையாகத் தெரிந்தாலும் நம்பாதீர்கள். நசுங்கியிருந்த இடத்துக்கு இரத்தம் திரும்பிய பிறகுதான் வீக்கம் எழும். அரை மணி நேரம் கழித்து ஒரு முறையும், மறுநாள் காலை கட்டுத்தரையிலிருந்து அவிழ்க்கும் முன் ஒரு முறையும் அதே நான்கு விரல்களால் தடவிப் பாருங்கள். மறுநாள் காலைப் பரிசோதனைக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். வெள்ளை முடி முளைப்பதெல்லாம் பல வாரங்களுக்குப் பிறகு தெரியவரும் சேதம். அதற்குக் காத்திருப்பது சோதனை ஆகாது.

பொள்ளாச்சித் தென்னந்தோப்பு

நான் முன்வளைவு மாற்றக்கூடிய வகை ஒன்றைத்தான் வைத்திருக்கிறேன். எங்கள் குதிரை கத்தியவாரிக் கலப்பு, முதுகு குட்டையானது. மெச்சவும் குறை சொல்லவும் இரண்டும் உண்டு.

தோப்புக்குள் மெதுவாகப் போகும் நீண்ட சவாரிக்கு அது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. குதிரையின் தோள் அசைவை அப்படியே உணர முடிகிறது, வளைந்து திரும்பும்போது அவன் தயங்குவதில்லை. ஆனால் தரையிலிருந்து அங்கவடியில் காலை வைத்து ஏறினால் சேணம் முழுவதும் என் பக்கம் உருளும். வரப்போ, கிணற்று மேடோ, வாசல் திண்ணையோ, ஏதாவது ஒன்றின் மேல் நின்றுதான் ஏற வேண்டும். உருள்கிறதே என்று வயிற்றுவாரை இறுக்கி இழுப்பவர்கள் சேணத்தின் வடிவத்தையே நசுக்கிவிடுகிறார்கள். மார்புவார் போட்டால் மேட்டில் பின்னால் வழுக்குவது நிற்கும். உருள்வது அதனால் நிற்காது. சோதிக்கும் நாளில் மேடை இல்லாத இடத்தில் ஒரு முறையாவது இறங்கி ஏறிப் பாருங்கள் அண்ணா. காட்டுக்குள் அங்கவடி அறுந்தோ, வேலிப் படலைத் திறக்கவோ இறங்க நேர்ந்தால் என்ன ஆகும் என்பது அப்போது தெரியும்.

இன்னொன்று, சவாரி செய்பவரின் உடம்பு. சட்டமுள்ள சேணத்தில் தொடைகளுக்கு நடுவே குறுகலான இடம் இருக்கும். இதில் அது அகலம். தொடக்கத்தில் எனக்கு இடுப்பு மூட்டு நன்றாகவே வலித்தது. அங்கவடியில் எழுந்து நின்று நீண்ட நேரம் கேன்டர் (ட்ராட்டைவிட வேகமான மிதப் பாய்ச்சல்) ஓட்டுபவர்களுக்கு இது ஏற்றதன்று என்பது என் எண்ணம்; எடை முழுவதும் அந்த இரண்டு பட்டைகளில் போய் நிற்கிறது.

வேண்டுமானால் என்னுடையதை இரவல் தருகிறேன். ஆனால் சில நிபந்தனைகள் உண்டு, தனியே எழுதுகிறேன்.

அந்தியூர்ச் சந்தை

ஆடி மாதம் குருநாதசாமி கோயில் பண்டிகைச் சந்தைக்கு வந்து பாருங்கள். எத்தனையோ குதிரைகளை வெறும் மெத்தையைக் கட்டித்தான் ஓட்டிக் காட்டுகிறார்கள். ஒன்றுக்கும் முதுகு உடைந்ததாகத் தெரியவில்லை. நம் பாட்டன் காலத்தில் அளவு நாடா வைத்தா ஜீனி (சேணம்) வாங்கினார்கள்? படித்தவர்கள் கூடினால் எளிய காரியமும் சிக்கலாகிவிடுகிறது.

தோல்பட்டறை (ஈரோடு)

ஐயா, சந்தையில் ஓட்டிக் காட்டுவது சில நிமிடம்; அங்கே பார்ப்பது நடையையும் சுழியையும்தான், முதுகை அன்று. மெத்தைச் சேணம் பழமையானது என்பதில் எனக்கு மறுப்பில்லை. சைபீரியாவின் பசிரிக் புதைமேடுகளில் கிடைத்த கம்பளச் சேணங்கள் கிறிஸ்து பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகள் முந்தையவை. ஆனால் அவற்றில் அங்கவடி கிடையாது, அதனால் அங்கவடி இழுக்கும் சிக்கலும் கிடையாது. அவற்றிலும் முதுகெலும்புக்கு இருபுறமும் தனித்தனி மெத்தை வைத்து நடுவில் வழி விட்டிருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

அந்தியூர்ச் சந்தை

சுழி பார்ப்பதைக் கேலி செய்ய வேண்டாம். மற்றதை ஒப்புக்கொள்கிறேன்.

பொள்ளாச்சித் தென்னந்தோப்பு

இரவல் கொடுப்பதைப் பற்றிக் கேட்டவர்கள் சிலர் இருப்பதால் நிபந்தனைகளைப் பொதுவிலேயே எழுதுகிறேன். சேணத்தின் விலையில் பாதியை முன்பணமாகக் கொடுக்க வேண்டும். கொடுக்கும் போதும் வாங்கும் போதும் தோலின் அடிப்பக்கம், தையல், பட்டை ஆகியவற்றைப் படம் எடுத்துக்கொள்வோம். வாருக்கு உங்கள் சொந்த அங்கவடியை மாட்டுங்கள். ஒரு நாள் இரவலுக்குத் தர மாட்டேன். ஒரு வாரமாவது வைத்திருங்கள், இல்லையென்றால் டாக்டரம்மா சொன்ன மறுநாள் காலைப் பரிசோதனைக்கு வாய்ப்பே இருக்காது.

முக்கியமானது, கம்பள மெத்தையைக் கொழுக்கட்டைப் புல் காட்டில் தரையில் போடக் கூடாது. அந்தப் புல்லின் விதை கம்பளத்தில் ஏறினால் ஒவ்வொன்றாகக் கையால்தான் பிடுங்க வேண்டும். ஒன்று தங்கினாலும் குதிரையின் முதுகில் குத்தும். சோதனை முடிவும் பொய்யாகிவிடும்.

உடுமலைக் கால்நடை மருத்துவர்

இன்னொரு நிபந்தனையை நான் சேர்க்கிறேன். படர்தாமரை சேணத்தின் வழியாகவும் வயிற்றுவாரின் வழியாகவும் ஒரு குதிரையிலிருந்து மற்றொன்றுக்குப் பரவும், மனிதருக்கும் தொற்றும். வட்ட வட்டமாக முடி உதிர்ந்த குதிரை வீட்டில் இருந்தால் இரவல் கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். மற்றபடி மெத்தைக்கும் முதுகுக்கும் நடுவே துவைத்த மெல்லிய பருத்தித் துணி ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் துணியாக இருந்தால் அழுக்குப் படியும் வடிவத்திலிருந்து எங்கே அதிகம் தேய்கிறது என்பதையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

கொரங்காட்டான் (காங்கேயம்)

பொள்ளாச்சியிலிருந்து வாங்கி வந்த சேணத்தை ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருந்து பார்த்தேன். நீங்கள் எல்லோரும் கேட்டபடி, கண்டதை அப்படியே எழுதுகிறேன்.

போகும் முன்பே, மின்சாரக் கடையில் வாங்கிய தடித்த செம்புக் கம்பியைத் தோள் எலும்புக்குப் பின்னால் ஓர் இடத்திலும், அதற்கு ஒரு சாண் பின்னால் இன்னோர் இடத்திலும், கடைசி விலாவின் மேலும் வளைத்து அட்டையில் வரைந்து அனுப்பியிருந்தேன். அதைப் பார்த்து அவர்கள் குறுகலான முன்வளைவை மாட்டித் தந்தார்கள். நான் ஏறி உட்கார்ந்தபோது தோள்மேட்டுக்கு மேலே மூன்று விரல் இடைவெளி இருந்தது. வாய்க்கால் கரைவரை போய்த் திரும்பி வந்து பார்க்கையில் ஒரு விரல்தான் நுழைந்தது. இரண்டாவது மெத்தையை, தோளுக்கு நேராகக் கூடுதல் கம்பள அடுக்கு வைத்ததை, மாற்றிப் போட்டபோது ஒன்றரை விரல் கடைசிவரை நின்றது. நடையில் அவள் கழுத்தை நீட்டித் தாழ்த்தி நடந்தாள். பழைய சேணத்தில் இந்த வறட்சிக் காலத்தில் அப்படி நடந்ததே இல்லை. இறக்கத்தில் சேணம் முன்னால் வரவில்லை. பின்விளிம்பு கடைசி விலாவுக்கு இரண்டு விரல் முன்னதாகவே நின்றுவிட்டது.

ஆனால் மெத்தையை மாற்றிய பிறகும், அங்கவடிப் பட்டைக்குக் கீழே இடப்பக்கம் மட்டும் உள்ளங்கையளவு காய்ந்த இடம் ஒவ்வொரு முறையும் தெரிந்தது. அரை மணி கழித்து அங்கே லேசான மேடு. மறுநாள் காலை அந்த இடத்தில் விரல் வைத்ததும் முதுகைத் தாழ்த்தினாள். வலப்பக்கம் எதுவும் இல்லை. முன்குறிப்பில் அந்த இடத்தில் வலி இருக்கவில்லை என்பதால் பழைய சேணத்தைக் காரணம் சொல்ல வழியில்லை.

என் தற்போதைய முடிவு, இந்த மாதிரியை இப்போது வாங்குவதில்லை என்பதுதான். எடை எல்லையில் நிற்கும் எனக்கு, வளைவு மாற்றக்கூடிய சட்டமுள்ள சேணத்தையும் ஒரு முறை போட்டுப் பார்ப்பது நியாயம் என்று தோன்றுகிறது. கோவையில் ஒருவர் அப்படிப்பட்டதை வைத்திருக்கிறார், தருவதாகவும் சொல்லியிருக்கிறார். ஆனாலும் அவள் நடந்த நடையை மறக்க முடியவில்லை. இடப்பக்கம் மட்டும் ஏன் என்பதுதான் விளங்கவில்லை.

தோல்பட்டறை (ஈரோடு)

இடப்பக்கம் மட்டும் என்றால் சேணத்தைக் குற்றம் சொல்வதற்கு முன் வாரைப் பாருங்கள். எல்லோரும் இடப்பக்கமாகவே ஏறுவதால் அந்தப் பக்கத்து அங்கவடி வார் நாளடைவில் நீண்டுவிடும். துளை எண்ணி இரண்டையும் ஒரே துளையில் மாட்டினாலும் இடப்பக்க அங்கவடி தாழ்ந்து நிற்கும். நீங்களும் உங்களை அறியாமல் அந்தப் பக்கம் சாய்ந்து அதை மிதிப்பீர்கள். சட்டமுள்ள சேணம் அந்தச் சாய்வை ஓரளவு மறைத்துவிடும். பட்டையில் தொங்கும் அங்கவடி மறைக்காது. இரவல் சேணத்தில் நீங்கள் மாட்டியது உங்கள் பழைய வார்தானே?

கொரங்காட்டான் (காங்கேயம்)

ஆமாம். அங்கவடியோடு வாரையும் என்னுடையதையே மாட்டினேன். வாங்கியதிலிருந்து இரண்டையும் பக்கம் மாற்றிப் போட்டதும் இல்லை. சற்று முன்தான் கழற்றி ஆணியில் தொங்கவிட்டு அளந்தேன். இடப்பக்க வார் இரண்டு சென்டிமீட்டர் நீளமாக இருக்கிறது.

பொள்ளாச்சித் தென்னந்தோப்பு

அப்படியானால் சேணத்தை இன்னும் ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா. முதுகில் எழுந்த மேடு முழுவதும் அடங்கும்வரை எதையும் போடாமல் விட்டுவிட்டு, வேறு வார் ஜோடியோடு மறுபடி பாருங்கள். முன்பணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்.

தோல்பட்டறை (ஈரோடு)

வார் ஜோடி என்னிடம் இருக்கிறது; நடுவில் நைலான் பட்டை வைத்துத் தைத்தது, நீளாது. புதன்கிழமை காங்கேயம் வருகிறேன். அப்போது நீங்கள் மேலே உட்கார்ந்திருக்கையில் பின்னால் நின்று தோளும் இடுப்பும் நேராக இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுகிறேன். வார் காரணமா, உட்காரும் முறை காரணமா என்பதைப் பிரித்துப் பார்க்காமல் கோவைச் சேணத்தைப் போட்டாலும் இதே இடத்தில்தான் வந்து நிற்பீர்கள்.